ரூட்டே ரெய்டில் இருந்தால்: கெர்னல் நாட்குறிப்பு

மார்ச் 3
லினக்ஸின் ரூட் பார்ட்டிஷன் (கணினி அமைப்பே இருக்கும் பகுதி) ரெய்டு 1-இல் இருக்கிறது, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல். அது மவுன்ட் ஆகும் முன்பே இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து எம்டி0 என்ற ஒரே அரேயாக (டிஸ்க் தொகுப்பாக) எழுந்தாக வேண்டும். அதைக் கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) செய்யலாம், இல்லாவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டுக்கு முன் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பு முறைமை) செய்யும். முதலில் கெர்னல் வழி. மெனுகான்ஃபிக்கில் (கெர்னலை அமைக்கும் மெனு) டிவைஸ் டிரைவர்ஸ், அதனுள் மல்டிபிள் டிவைசஸ். ரெய்டு சப்போர்ட், ஆட்டோடிடெக்ட் (அரேவைக் கெர்னல் தானே கண்டுபிடிப்பது), ரெய்டு-1 மோடு எல்லாவற்றுக்கும் நட்சத்திரம்தான், அதாவது கெர்னலுக்குள்ளேயே சேர்ப்பது. எம் போட்டால் தனிக் கோப்பாக மாடியூல் ரூட்டில் கிடக்கும், ரூட்டோ ரெய்டுக்குள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. ஏஹெச்சிஐ (டிஸ்க் டிரைவர்), எக்ஸ்ட்4 (கோப்பு முறைமை) இரண்டுக்கும் இதே விதி.

மார்ச் 4
பூட் செய்ததும் கெர்னல் பேனிக்: ரூட்டை மவுன்ட் செய்ய முடியாமல் நின்றுவிட்டது. கடைசி வரியில் அன்நோன்-பிளாக் (9,0). 9 என்பது எம்டியின் (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு டிரைவர்) மேஜர் எண், அதாவது டிரைவரைக் குறிக்கும் எண். ஆக, ரூட் எதுவென்று கெர்னலுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே படிக்கத்தான் எதுவும் இல்லை. (0,0) என்று வந்திருந்தால் பெயரே பிடிபடவில்லை என்று பொருள்.

எம்டிஏடிஎம் (ரெய்டை நிர்வகிக்கும் கருவி) எக்ஸாமின் கொடுத்ததும் குட்டு வெளிப்பட்டது: சூப்பர்பிளாக் (டிஸ்க்கில் அரேவின் விவரம் எழுதப்பட்ட பகுதி) வெர்ஷன் 1.2. ஆட்டோடிடெக்ட் 0.90 சூப்பர்பிளாக்கை மட்டுமே பார்க்கும். எம்பிஆர் (பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க்கில் பார்ட்டிஷன் வகையும் எஃப்டி ஆக இருக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் அரே உருவாக்கினால் எம்டிஏடிஎம் 1.2-தான் எழுதும். 0.90-ஐ 1.0 ஆக மாற்றலாம். 1.2-ஐ 0.90 ஆக இருந்த இடத்திலேயே மாற்ற வழியில்லை. பேக்கப், புது அரே, ரீஸ்டோர்.

0.90-க்கு 28 டிஸ்க்தான் உச்சம். அதன் சூப்பர்பிளாக் முடிவிலிருந்து 64 முதல் 128 கேபிக்குள் உட்காரும். கடைசிப் பார்ட்டிஷன் டிஸ்க்கின் விளிம்புவரை போனால், பார்ட்டிஷன் உறுப்பினரா முழு டிஸ்க்கா என்ற குழப்பம் வரும். கடைசியில் ஒரு எம்பி காலியாக விடுவது நல்லது.

மார்ச் 6
புது அரேவுக்கு 1.2-உம் இனிட்ராம்எஃப்எஸ்ஸும்தான் சரி. ஆட்டோடிடெக்ட் பழைய பெட்டிகளுக்கு. எம்டிஏடிஎம் டீட்டெயில் ஸ்கேன் தரும் அரே வரியை யூயூஐடியோடு (தனித்த அடையாள எண்) எம்டிஏடிஎம் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் சேர்த்து, உடனே இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்ட வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: கோப்பைத் திருத்துவார்கள், உள்ளே இருக்கும் நகல் பழையதாகவே இருக்கும். அதனால் அரே எம்டி127 என்ற பெயரில் எழும். எஃப்எஸ்டேபில் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) எம்டி0 என்று எழுதியிருந்தால் பூட் நின்றுவிடும், கோப்பு முறைமையின் யூயூஐடி இருந்தால் நிற்காது.

பூட் வரியில் ரெய்டு=நோஆட்டோடிடெக்ட் கொடுத்தால் பழைய 0.90 அரேவைக் கெர்னல் தானாகத் தொடங்காது.

மார்ச் 9
ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிப் பூட். பிறகு அதை மாட்டி, ரீசிங்க் (இரண்டு டிஸ்க்கும் மறுபடி ஒன்றாவது) முடிந்தபின் மற்றதைக் கழற்றி. கிரப் (கெர்னலை ஏற்றும் பூட் நிரல்) இரண்டு டிஸ்க்கிலும் இல்லாவிட்டால் ஏதோ ஒரு முறை கறுப்புத் திரைதான்.

ரெய்டு 5 வேறு சங்கதி. ஒரு டிஸ்க் போயிருக்க, ஷட்டவுனும் சரியாக நடக்காவிட்டால் கெர்னல் அரேவைத் தொடங்க மறுக்கும். பாரிட்டியை (போன டிஸ்க்கின் டேட்டாவை மீட்கும் கூடுதல் தகவல்) நம்ப முடியாததால். எம்டி-மாட்.ஸ்டார்ட்_டர்ட்டி_டிகிரேடட்=1 கொடுத்தால் தொடங்கும், ஆனால் சத்தமில்லாமல் டேட்டா கெட்டிருக்கலாம். அன்றைய பூட்டுக்கு மட்டும் கையால் அடிக்க வேண்டிய வரி அது. கிரப் கோப்பில் நிரந்தரமாக வைப்பதற்கல்ல.