உஷ்டோபே: கேரட் சாலட்டும் கல்லறை எழுத்தும்

கஜகஸ்தானின் அல்மாட்டிக்குப் போகிற நம்மவர்கள் மலை, பனி, கேபிள் கார் என்று சுற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அதெல்லாம் நானும் பார்த்தேன், எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குப் பிடித்துப்போனது அங்கே இருக்கிற பச்சைச் சந்தைதான். அதில் ஒரு வரிசை முழுக்கக் கொரியப் பெண்கள் சாலட்டுகளைக் குவித்து வைத்து விற்கிறார்கள். நூல் நூலாகச் சீவிய கேரட்டில் வினிகர், பூண்டு, மல்லித்தூள், மிளகாய் எல்லாம் போட்டு, மேலே சூடான எண்ணெய் ஊற்றிப் பிசறிய மர்கோவ்சாவுக்குத்தான் கிராக்கி. கொரியாவில் இப்படி ஒரு பண்டம் கிடையாது. கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய முட்டைக்கோஸ் கிடைக்காத ஊரில், கிடைத்த கேரட்டை வைத்துச் சமாளித்ததில் பிறந்தது என்கிறார்கள்.

விற்கிற அக்காவிடம் யூடியூபில் பொறுக்கிய கொரிய வணக்கத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு ரஷ்ய மொழியில் விலை சொன்னார்.

இவர்கள் கொர்யோ-சாரம் எனப்படும் கொரியர்கள். ரஷ்யாவின் தூரக்கிழக்கில், விளாடிவோஸ்டாக் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று சந்தேகப்பட்டு, 1937-ல் ஸ்டாலின் அரசு சுமார் 1,72,000 பேரை ரயிலில் ஏற்றி கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டது. மறு ஆண்டே அவர்களுடைய பள்ளிகள் ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டன. வீட்டில் பாட்டி பேசினது ஒன்று, பள்ளியிலும் வேலையிலும் சோறு போட்டது இன்னொன்று. கொரிய மொழி மறைய இரண்டு தலைமுறை போதுமானதாக இருந்தது.

ரயிலில் வந்தவர்களில் பலர் முதலில் இறங்கிய ஊர் உஷ்டோபே. அல்மாட்டியிலிருந்து ரயிலிலேயே போனேன். ஊருக்கு வெளியே பாஸ்டோபே குன்று, காற்று ஆளைத் தள்ளுகிறது. 1937 அக்டோபர் 9 முதல் மறு ஆண்டு ஏப்ரல் 10 வரை இங்கே குழி தோண்டி அதற்குள் குடியிருந்தார்கள் என்று நினைவுக்கல் சொல்கிறது. அந்தக் குளிரில், மண்ணுக்குள்! கஜக் மக்கள் ரொட்டி கொடுத்துக் காப்பாற்றியதை இன்றும் சொல்கிறார்கள்.

பக்கத்திலேயே கல்லறைகள். அவசரப்படாமல் நடந்தால், பழைய கற்களில் கொரிய எழுத்து. அப்புறம் கொரியமும் ரஷ்யமும் கலந்து. புதியவற்றில் ரஷ்ய எழுத்து மட்டும், கூடவே செதுக்கிய முகம். பெயர்களும் அப்படித்தான்: குடும்பப் பெயர் கிம், பாக், த்சோய், முன்னால் ஒரு செர்கேயோ, ஸ்வெத்லானாவோ, நடுவில் ரஷ்ய வழக்கப்படி அப்பா பெயர்.

“தமிழ் போனால் எல்லாம் போச்சு” என்று கேட்டு வளர்ந்தவன் நான். கூட்டிப்போன டாக்ஸிக்காரரும் கொரியர். மொழி தெரியாதது வருத்தமாக இல்லையா என்று போன் மொழிபெயர்ப்பில் கேட்டே விட்டேன். “ரயிலில் ஏற்றும்போது மொழி கேட்டா ஏற்றினார்கள்? எங்கள் அப்பா பாஸ்போர்ட்டில் இனம்: கொரியர் என்றுதான் போட்டிருந்தது” என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மொழிதான் எல்லாம் என்ற நம்பிக்கையை நான் விட்டுவிடவில்லை; ஆனால் அது வசதியாக வீட்டில் இருப்பவர்கள் சொல்கிற பேச்சோ என்று ஒரு உறுத்தல்.

சரி, ஒன்றுமே மிச்சமில்லையா என்றால் இருக்கிறது. 1932-ல் தொடங்கிய கொரிய நாடக அரங்கு இப்போது அல்மாட்டியில், கொரிய மொழியில்தான் நாடகம், பார்க்க வருகிறவர்கள் காதில் ஹெட்போன் மாட்டி ரஷ்ய மொழிபெயர்ப்பைக் கேட்கிறார்கள். 1923-ல் ஆரம்பித்த பத்திரிகை ‘கொர்யோ இல்போ’ என்ற பெயரில் வருகிறது, பெரும்பகுதி ரஷ்ய மொழியில். இளையவர்கள் வகுப்புக்குப் போய்க் கொரியன் படிக்கிறார்கள். அது சியோல் கொரியன். பாட்டி பேசியது கொரியாவின் வடக்கே ஹம்கியோங் பக்கத்து வழக்கு. இவர்கள் மீட்பது இழந்ததை அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. டாக்ஸிக்காரரின் மகன் தென் கொரியாவில் ஆன்சான் நகரத்தில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார், அங்கே அவரை ரஷ்யர் என்கிறார்களாம்.

போக நினைப்பவர்கள் ஏப்ரல் 5-ஐ ஒட்டிப் போங்கள். அன்று ஹன்சிக் என்ற முன்னோர் நினைவு நாள், குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுடன் கல்லறைக்கு வருவார்கள். நான் போனது வேறு மாதம், அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.