சோலார் செல் பேப்பர்: டெக்ஸ்ச்சரிங் கேள்வியை விடாதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, ஏ மைனஸ். தப்பித்தேன். பினாங்கில் அடுத்த செமஸ்டர் இந்தப் பேப்பரை எடுக்கும் ஜூனியர்களே, டெக்ஸ்ச்சரிங் (ஒளி திரும்பிப் போவதைக் குறைக்க சிலிக்கான் பரப்பை அரித்து நுண்ணிய பிரமிடுகளாக்குவது) கேள்விக்கு ரெசிப்பியை மட்டும் உருப்போட்டுப் போகாதீர்கள். தொட்டியில் எது என்ன வேலை செய்கிறது என்று எழுதினால்தான் மார்க்.

"2% கே.ஓ.ஹெச்., 5% ஐ.பி.ஏ., 80 டிகிரி, 30 நிமிடம்" என்று எல்லோரும் எழுதுவார்கள். கே.ஓ.ஹெச். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், ஐ.பி.ஏ. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். காரம் சிலிக்கான் படிகத்தில் (100) என்ற திசையில் உள்ள தளத்தை வேகமாக அரிக்கும், (111) தளத்தைத் தொட்டும் தொடாமலும் விடும். அதனால்தான் 54.7 டிகிரி சாய்ந்த முகங்களோடு பிரமிட் மிஞ்சுகிறது.

ஐ.பி.ஏ. எதற்கு? வைவாவிலும் இதைத்தான் குடைவார்கள். அரிப்பில் ஹைட்ரஜன் குமிழி கிளம்பும். அது வேஃபரில் (மெல்லிய சிலிக்கான் தகடு) ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் பிரமிட் வராது, பளபளவென்று திட்டு நிற்கும். ஐ.பி.ஏ. குமிழியைக் கழற்றிவிடும். ஆனால் அதன் கொதிநிலையே 82 டிகிரிதான். ஃபியூம் ஹுட் (ஆவியை உறிஞ்சும் லேப் கூண்டு) இழுக்கிற இழுப்பில் திறந்த பீக்கரில் நிற்காது. மூடி வையுங்கள், நடுவில் கொஞ்சம் ஊற்றுங்கள். முதல் பேட்ச் நன்றாக வந்து அடுத்தது திட்டுத்திட்டாக வந்தால் கே.ஓ.ஹெச்.சைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

கணக்கு கட்டாயம் வரும். 2×2 செ.மீ. துண்டு, பக்கத்துக்கு 10 மைக்ரான் அரிப்பு: 8 ச.செ.மீ. × 0.001 செ.மீ. × அடர்த்தி 2.33 = 0.0186 கிராம் எடை குறையும். இரண்டு பக்கமும் அரிக்கும் என்பதை மறந்தால் விடை பாதியாகிவிடும். வழவழப்பான சிலிக்கான் சுமார் 35% ஒளியைத் திருப்பி அனுப்பும். பிரமிடில் பட்டது பக்கத்துப் பிரமிடில் மறுபடி மோதும், 0.35 × 0.35, ஏறக்குறைய 12%. மேலே பிரதிபலிப்பைக் குறைக்கும் சிலிக்கான் நைட்ரைடு பூச்சின் தடிமன், அலைநீளம் ÷ (4 × ஒளிவிலகல் எண்): 600 ÷ (4 × 2) = 75 நானோமீட்டர்.

மற்றவை சுருக்கமாக:

- மல்டி வேஃபரில் (பல படிகங்கள் சேர்ந்தது) ஒவ்வொரு கிரெயினும், அதாவது ஒவ்வொரு படிகத் துண்டும், ஒவ்வொரு திசை. காரம் சரிவராது, ஹெச்.எஃப். (ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம்)–நைட்ரிக் அமிலக் கலவைதான் வேண்டும். நைட்ரிக் ஆக்சைடாக்கும், ஹெச்.எஃப். அதைக் கரைக்கும். கண்ணாடிப் பாத்திரம் கூடாது.
- டெக்ஸ்ச்சருக்குப் பின் பரப்பு 1.73 மடங்கு. பாசிவேஷன் (பரப்பிலுள்ள குறைகளை அடைக்கும் பூச்சு) சரியில்லையென்றால் ரீகாம்பினேஷன், அதாவது ஒளியால் உண்டான எலக்ட்ரானும் துளையும் மறுபடி சேர்ந்து வீணாவது, கூடும். "குறை என்ன?" என்றால் இதை எழுதுங்கள்.
- உள்ளூர் உதாரணம் என்று கூலிமில் இருக்கும் ஃபர்ஸ்ட் சோலார் ஆலையை இழுக்காதீர்கள். அது காட்மியம் டெல்லுரைடு மென்படல செல், அங்கே வேஃபரே கிடையாது.