வான்சே ஏரிக்கரையில் ஓர் ஓவியரின் வீடு

பெர்லின் நகரின் தென்மேற்கு ஓரத்தில் வான்சே என்ற ஏரி இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, நகர ரயிலில் வான்சே நிலையம் வரை சென்று, அங்கிருந்து 114ஆம் எண் பேருந்தைப் பிடித்தேன். அன்று நான் பார்க்க நினைத்திருந்தது வேறொரு வீட்டை. 1942 ஜனவரி 20 அன்று நாஜி அரசின் உயர் அதிகாரிகள் 15 பேர் கூடி, ஐரோப்பாவின் யூதர்களைக் கொன்றொழிக்கும் வேலையை எந்தத் துறை எப்படிப் பங்கிட்டுச் செய்வது என்று பேசி முடித்த வீடு அது. இப்போது நினைவகமாக இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு வெளியே வந்தபோது, உடனே பேருந்தில் ஏறி ஊருக்குள் திரும்ப மனம் வரவில்லை. ஏரியை ஒட்டிய தெருவிலேயே வந்த வழியாக நடக்கத் தொடங்கினேன்.

அந்த மாளிகையை 1914-15இல் ஒரு தொழிலதிபருக்காக வடிவமைத்தவர் பவுல் ஓட்டோ பவும்கார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். அதே பவும்கார்ட்டன் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், இன்னொரு வீட்டையும் கட்டியிருந்தார். அதைக் கட்டச் சொன்னவர் ஒளியும் நிறமும் கண்ணுக்கு அந்தக் கணத்தில் தெரிவதுபோலவே தீட்டும் இம்ப்ரெஷனிச பாணியில், ஜெர்மன் ஓவியர்களில் முதன்மையானவராகிய மாக்ஸ் லீபர்மான். அவர் யூதர்.

லீபர்மானுக்குப் பெர்லினின் நடுமையத்தில், பிராண்டன்பர்க் வாயிலை ஒட்டியே சொந்த வீடு இருந்தது. கோடைக்காலத்தைக் கழிப்பதற்காக, 1909இல் தம்முடைய 62ஆம் வயதில், ஏரிக்கரையில் ஏறத்தாழ 7,000 சதுர மீட்டர் மனையை வாங்கினார். பெர்லின் செல்வந்தர்களின் கோடை இல்லங்களுக்காக 1860களில் உருவான ஆல்சன் குடியிருப்பில், நீரைத் தொட்டுக்கொண்டு அப்போது மிச்சமிருந்த கடைசி மனைகளில் அதுவும் ஒன்று. மறு ஆண்டே வீடு எழுந்துவிட்டது.

தெருவிலிருந்து பார்த்தால் வீடு பெரிதாகத் தெரிவதில்லை. வெளிர்நிறச் சுவர், முகப்பின் நடுவே உச்சியில் சுருள் வடிவம் கொண்ட இரண்டு அயோனியத் தூண்கள், மேலே சரிந்த கூரை, அவ்வளவுதான். ஹாம்பர்க் வணிகர்கள் எல்பே ஆற்றங்கரையில் கட்டிக்கொண்ட பழைய இல்லங்களின் அடக்கம் இதிலும் இருக்கிறது. ஆனால் வாயிலருகே சரியான இடத்தில் நின்றபோது இந்த வீட்டின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது. பூம்பாத்திகளுக்கு நடுவே செல்லும் பாதை நேராக வீட்டைத் தொடுகிறது. வீட்டின் நடு அறை இருபுறமும் கண்ணாடியோடு திறந்திருக்கிறது. அதன் வழியாகப் பார்வை ஊடுருவிச் சென்று, பின்பக்கப் புல்வெளியைக் கடந்து, ஏரி நீரில் போய் விழுகிறது. தோட்டத்தையும் நீரையும் மறைக்காமல் நடுவில் நிற்பதையே தன் முதல் வேலையாகக் கொண்ட இப்படி ஒரு வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தோட்டத்தைத் திட்டமிடுவதில் லீபர்மானுக்குத் துணையாக இருந்தவர் ஹாம்பர்க் கலைக்கூடத்தின் இயக்குநரான ஆல்ஃபிரட் லிக்ட்வார்க். தோட்டம் என்பது வீட்டின் அறைகள் வெளியே நீள்வதுபோல இருக்க வேண்டும் என்ற சீர்திருத்தக் கருத்து அவருடையது. ஏரியை நோக்கி நின்றால் இடதுபுறம் உயர்ந்த வேலிச்செடிகளைச் சுவர்களாகக் கொண்ட மூன்று தோட்ட அறைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில் ஜெர்மானியர் மிகவும் நேசிக்கும் லிண்டன் மரங்கள் சதுரமாகக் கத்தரிக்கப்பட்டு நிற்கின்றன. அடுத்தது முட்டைவடிவம், கடைசியில் வட்டமான ரோஜாத் தோட்டம். தெருப்பக்கத் தோட்டம் இதற்கு நேர்மாறானது. அங்கே பூக்களும் காய்கறிகளும் ஒரே பாத்தி வரிசையில் வளர்கின்றன. நான் போன அன்று முட்டைக்கோஸ் இலைகளின் நீலச்சாம்பல் நிறத்தில் காலை நேரத்து மழைத்துளிகள் உருண்டு நின்றன. முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தக் கோஸ் பாத்திகளையும் லீபர்மான் பலமுறை வரைந்தார். மொத்தத்தில் இந்த வீட்டையும் தோட்டத்தையும் மட்டுமே வைத்து 200க்கு மேற்பட்ட எண்ணெய் ஓவியங்களை அவர் தீட்டியிருக்கிறார்.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது பிர்ச் மரப் பாதை. பாதை போடும்போது அங்கே ஏற்கெனவே நின்ற வெள்ளைப்பட்டை மரங்களை வெட்டாமல், அவற்றை அப்படியே விட்டுப் பாதையைப் போட்டார்கள். ஆகவே நடுப்பாதையிலேயே மரம் நிற்கிறது. நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். இன்று நிற்பவை பின்னர் நடப்பட்ட மரங்கள் என்றாலும், அந்த ஒழுங்கின்மையையும் விட்டுவிடாமல் மீட்டிருக்கிறார்கள்.

மீட்டிருக்கிறார்கள் என்று நான் எழுதும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நீண்ட துயரம் இருக்கிறது. பிரஷ்யக் கலைக் கழகத்தின் தலைவராக 1920 முதல் 12 ஆண்டுகள் இருந்தவரும், 1927இல் பெர்லின் நகரின் கௌரவக் குடிமகனாக அறிவிக்கப்பட்டவருமான லீபர்மான், நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் கழகத்தைவிட்டு விலகி, ஊரே ஒதுக்கிய மனிதராக 1935 பிப்ரவரியில் இறந்தார். மகளின் குடும்பம் 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பியது. மனைவி மார்த்தா பெர்லினிலேயே இருந்தார். 1940இல் இந்த வீட்டை அரசின் அஞ்சல் துறைக்கு விற்கும்படி அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். 1943 மார்ச்சில், 85 வயதில், யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த தெரேசியன்ஷ்டட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்படவிருந்த நிலையில், தூக்க மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு உயிரை விட்டார். காலையில் நான் பார்த்த வீட்டில் பேசி முடிக்கப்பட்டது, அதே தெருவில் இருந்த இந்த வீட்டின் எஜமானியையும் வந்தடைந்தது என்பதை அந்த அறைகளில் நின்று படித்தபோது தாங்கிக்கொள்வது கடினமாக இருந்தது.

போருக்குப் பின் இந்த வீடு மருத்துவமனையாயிற்று. பிறகு 1972 முதல் முப்பது ஆண்டுகள் நீர்மூழ்கு விளையாட்டுக் கழகம் ஒன்றின் குத்தகையில் இருந்தது. 1995இல் தொடங்கப்பட்ட மாக்ஸ் லீபர்மான் சங்கத்தின் விடாமுயற்சியால்தான் 2006 ஏப்ரலில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மூன்று வேலித்தோட்டங்கள் இருந்த பகுதி கைக்குத் திரும்பிவர மேலும் சில ஆண்டுகள் ஆயின. தோட்டத்தை மீண்டும் அமைத்தவர்களுக்குப் பழைய புகைப்படங்களும், லீபர்மானும் லிக்ட்வார்க்கும் எழுதிக்கொண்ட கடிதங்களும் உதவின. அவற்றோடு சேர்ந்து சான்றாக நின்றவை லீபர்மானின் ஓவியங்களே. எந்தப் பாத்தியில் எந்த நிறம், வெள்ளை பெஞ்சு எங்கே கிடந்தது, வேலி எவ்வளவு உயரம் என்பதற்கெல்லாம் ஓவியங்களைப் பார்த்தார்கள்.

மாடியில், வளைந்த உட்கூரையின் கீழிருந்த அவருடைய ஓவியக்கூடத்தில் ஒரு தோட்டக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, ஏரிப்பக்கத்துத் திறந்த முற்றத்துக்கு வந்தேன். சிற்பி ஆகஸ்ட் கௌல் உருவாக்கிய நீர்நாய் நீரூற்றைச் சுற்றிச் சிவப்பு ஜெரேனியங்கள் பூத்திருந்தன. தன்னார்வலரான ஒரு வயதான அம்மையார் முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய மெத்தைத் துண்டைப் போட்டு மண்டியிட்டு, வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் புல்வெளியில் இறங்கி, நீர் வரைக்கும் நடந்தேன்.