எங்கள் கைலிக் கடையின் தளம் கூகுளில் மீண்ட கதை

குடியாத்தத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கைத்தறிக் கைலி வியாபாரம். தறியும், அதில் நீளவாக்கில் ஏற்றும் இழைகளான பாவும் பெரியப்பாவின் பொறுப்பு, கொள்முதலும் கணக்கும் அப்பாவினுடையது, இணையதளம் என்னுடையது. கேரளத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் சில்லறை ஆர்டர்கள் பெரும்பாலும் தளத்தின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு தை மாதம் அவை சட்டென்று நின்றுபோயின. 'கைத்தறி கைலி' என்று தேடினால் முதல் பக்கத்தில் இருந்த எங்கள் பெயர், பத்துப் பக்கம் புரட்டியும் அகப்படவில்லை.

தேடலில் நம் தளம் எப்படி இருக்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தேன். கூகுளின் ஆட்களே பார்த்துத் தண்டிக்கும் 'கைமுறை நடவடிக்கை' என்ற பகுதியில் ஓர் அறிவிப்பு கிடந்தது. எங்கள் தளத்தை நோக்கி இயற்கைக்கு மாறான இணைப்புகள் வருகின்றன என்று அது சொன்னது. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஐந்நூறு பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகள், வாங்கியிருந்தேன். முதல் மூன்று மாதம் தளம் மேலே ஏறியதைப் பார்த்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னதும் நான்தான்.

அந்த இணைப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று அதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. சர்ச் கன்சோலில் 'இணைப்புகள்' என்ற அறிக்கை இருக்கிறது. எந்தெந்தத் தளங்கள் நம்மைச் சுட்டுகின்றன, எந்தச் சொற்களின் மேல் இணைப்பு வைத்திருக்கிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். அன்றிரவு ஒவ்வொன்றாகத் திறந்தேன். சூதாட்டத் தளங்கள், ஆளில்லாத டைரக்டரிகள். அமெரிக்காவில் கூரை பழுதுபார்ப்பது பற்றிய ஒரு கட்டுரையின் நடுவே, மழைநீர்க் குழாய்க்கும் ஓட்டுக்கும் இடையில், 'மலிவு விலையில் கைத்தறி லுங்கி வாங்க' என்று நீல எழுத்தில் எங்கள் இணைப்பு. அதே ஐந்து சொற்கள், எழுத்து மாறாமல், இருநூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் இருந்தன. மனிதர்கள் தாமாக எழுதினால் இருநூறு பேரும் ஒரே ஐந்து சொற்களை எழுதுவார்களா? ஒருவர் 'குடியாத்தம் லுங்கி' என்பார், ஒருவர் கடையின் பெயரைச் சொல்வார், இன்னொருவர் 'இங்கே பாருங்கள்' என்று விட்டுவிடுவார்.

இணைப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று அப்பா கேட்டபோது நூல் கடையை வைத்துத்தான் விளக்கினேன். புதிதாகக் கடனுக்கு நூல் கேட்டுப் போனால், "யார் சொல்லி வந்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. நாற்பது வருடம் தறி ஓட்டியவர் பெயரைச் சொன்னால் ஒரு மரியாதை, பஸ் நிலையத்தில் பார்த்தவர் பெயரைச் சொன்னால் வேறு மரியாதை. 1990-களில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை இதுதான். ஒரு பக்கம் இன்னொன்றைச் சுட்டினால் அது ஒரு சிபாரிசு, சிபாரிசு செய்பவரின் மதிப்பைப் பொறுத்து அதன் எடை. சிபாரிசை விலைக்கு விற்கத் தொடங்கியதும் கூகுள் விழித்துக்கொண்டது. 2012 ஏப்ரலில் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளியது. 2016-இல் அது முதன்மைத் தேடல் முறைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதையே எனக்கு விற்றார்கள், நானும் வாங்கினேன்.

துடைத்தெடுக்க இரண்டு மாதம் ஆனது. இணைப்பை நீக்கும்படி தள உரிமையாளர்களுக்கு எழுதினேன். சிலர் நீக்கினார்கள். பலர் பதிலே போடவில்லை. நீக்குவதற்கும் காசு கேட்டவர்கள் உண்டு, கொடுக்கவில்லை. மிச்சத்தை, 'இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்லும் 'டிஸவாவ்' கோப்பில் போட்டேன். அது வெறும் உரைக் கோப்பு, வரிக்கு ஒரு முகவரி. ஒரு தளம் முழுவதையும் ஒதுக்க 'domain:' என்று முன்னால் சேர்த்து எழுத வேண்டும். இதை யாரும் விளையாட்டாகத் தொடக்கூடாது. நல்ல இணைப்பைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டால் நம் கையாலேயே நம் வேரை வெட்டியது போலாகும். இப்படி நடவடிக்கைக்கு உள்ளானவர்களுக்கும், அந்த ஆபத்தில் இருப்பவர்களுக்கும்தான் இது தேவை.

பிறகு மறுபரிசீலனை விண்ணப்பம். முதல் முறை, 'எங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது' என்று எழுதினேன். நிராகரித்தார்கள். இரண்டாம் முறை, காசு கொடுத்து வாங்கியதை ஒப்புக்கொண்டு, யார் யாருக்கு எந்தத் தேதியில் எழுதினேன், யார் நீக்கினார்கள் என்ற அட்டவணையையும் சேர்த்து அனுப்பினேன். சில வாரம் கழித்து நடவடிக்கை விலக்கப்பட்டதாகப் பதில் வந்தது.

ஆனால் பழைய இடம் திரும்பவில்லை. அந்த இடமே பொய் இணைப்புகள் தூக்கிக் கொடுத்ததுதானே. அவை போனபின் எங்களுக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

இருந்தது, எங்கள் கவனக்குறைவால் இழந்திருந்தோம். ஓர் ஆண்டுக்கு முன் தளத்தைப் புதிதாக வடிவமைத்தபோது பக்கங்களின் முகவரிகளை மாற்றியிருந்தேன். பழைய முகவரிகளுக்கு வந்த இணைப்புகள் எல்லாம் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்று, வேலூரில் ஜவுளி வடிவமைப்பு கற்பிக்கும் ஓர் ஆசிரியை தம் மாணவர்களுக்காக வைத்திருந்த பாடப் பக்கத்திலிருந்து வந்தது. இன்னொன்று மலேசியத் தமிழர் ஒருவரின் பயணக் குறிப்பிலிருந்து. இப்படி ஒன்பது. பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 திருப்பத்தை அமைக்க ஒரு மதியப் பொழுது போதுமானதாக இருந்தது. யாராவது என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

நன்றி சொல்ல அந்த ஆசிரியையை நேரில் பார்க்கப் போனேன். பையில் நான்கு துண்டுத் துணிகளைப் போட்டுக்கொண்டு கே.வி.குப்பம், காட்பாடி வழியாக பஸ்ஸில் போனேன். அவர் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்கள் பக்கத்தில் விலை இருக்கிறது தம்பி, நிறம் இருக்கிறது. நூல் நம்பர் என்றால் என்னவென்று எங்கேயும் இல்லையே? பிள்ளைகள் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள்" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் எங்கள் தளத்தை மாற்றியது. பெரியப்பாவை உட்காரவைத்துப் பேசச் சொல்லி எழுதிக்கொண்டேன். ஒரு சிட்டா நூல் 840 கெஜம். அப்படி அறுபது சிட்டா சேர்ந்து ஒரு பவுண்டு நிறுத்தால் அது அறுபதாம் நம்பர் நூல். எண்பது சிட்டா வேண்டியிருந்தால் எண்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவதைப் படம் எடுத்தேன். கஞ்சி நூலுக்கு நூல் ஒட்டாமல் சீராக இறங்குவதற்காகப் பெரியப்பா பாவின் ஓரமாக முன்னும் பின்னும் நடப்பார், இரண்டு விரலால் இழைகளைத் தடவிப் பிரித்துக்கொண்டே. அந்த விரல்களை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம்தான் பிறகு அதிகம் பேர் கேட்டு வாங்கியது. மூட்டிய கைலிக்கும் மூட்டாத கைலிக்கும் என்ன வேறுபாடு, சில துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான பட்டியலில் கைலி ஏன் இடம்பெறுகிறது என்பதையும் சேர்த்தேன். தமிழில் இதெல்லாம் ஒரே இடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

பக்கம் தயாரானதும் பழைய அவசரம் மறுபடி தலைதூக்கியது. நாற்பது தளங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. விக்கிப்பீடியாவில் நானே இணைப்பைச் சேர்த்தேன், நீக்கிவிட்டார்கள். அது சரிதான், சொந்தத் தளத்தை அங்கே விளம்பரப்படுத்தக்கூடாது என்பது அவர்கள் விதி. அங்குள்ள வெளியிணைப்புகளில் 'இதைச் சிபாரிசாக எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறியும் இருக்கிறது, தரவரிசைக்காக அங்கே போய் நிற்பதில் பொருளில்லை.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு கடிதம் மட்டும் எழுதினேன். முதலில் அவர்கள் எழுதியதை முழுக்கப் படிப்பேன். கைத்தறி பற்றிய ஒரு பக்கத்தில் இரண்டு இணைப்புகள் செத்துக் கிடந்தன. 'உங்கள் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் உள்ள இணைப்பு இப்போது திறக்கவில்லை. நூல் நம்பர் பற்றி எங்கள் பெரியப்பா சொன்னதை இங்கே எழுதியிருக்கிறேன், பொருத்தமாகப் பட்டால் பயன்படுத்துங்கள்' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை எழுதியவர் அன்று மாலையே சேர்த்துவிட்டார். எங்களுக்கு நூல் தரும் கடையின் தளத்தில் வாடிக்கையாளர் பக்கம் இருந்தது, அப்பா ஒரு போன் செய்தார், வந்துவிட்டது. கைலி இலவசமாகக் கொடுத்தால் எழுதுகிறேன் என்று ஒருவர் கேட்டார். கொடுத்தோம், ஆனால் இணைப்பில், பொருளோ காசோ பெற்றுக்கொண்டு வைத்தது என்று காட்டும் 'ஸ்பான்சர்டு' என்ற குறியைப் போடச் சொன்னேன். 2019-இல் கூகுள் கொண்டுவந்த குறி அது. அவருக்கு வியப்பு. எனக்கு இன்னொரு முறை அந்த அறிவிப்பைப் பார்க்கத் தெம்பில்லை.

பதினொரு மாதத்தில் வந்தவை இருபத்தாறு இணைப்புகள். ஐந்நூறுக்கு முன்னால் சொல்லிக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை அல்ல. ஆனால் 'நூல் நம்பர்' என்று தேடி வருபவர்கள் எங்கள் பக்கத்தில் நின்று படிக்கிறார்கள். 'கைத்தறி கைலி' தேடலில் முதல் பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு மீண்டு வந்திருக்கிறோம். எங்கள் ஊர்ச் சிரசுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் கோழிக்கோட்டிலிருந்து அறுபது கைலிக்கு ஆர்டர் வந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல 'இணைப்புகள்' அறிக்கையைப் பார்த்தபோது, நான் கேட்காமலே ஒன்று புதிதாக வந்திருந்தது. வேலூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களைக் குடியாத்தத்துக்கு அழைத்து வந்ததைப் பற்றி எழுதியிருந்தார். 'பாவு நீட்டும் தெரு' என்ற சொற்களின் மேல் எங்கள் இணைப்பு. பெரியப்பாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பிள்ளைகள் பார்த்தது எண்பதாம் நம்பர் பாவு. அறுபது என்று எழுதியிருக்கிறார். வாத்தியாருக்கு எழுதித் திருத்தச் சொல்" என்றார். எழுதி அனுப்பியிருக்கிறேன்.