கோணிப் போன வில்லு

தப்பு என்னோடதுதான். வயலின் வாசிச்சு முடிச்சதும், வில்லோட முடிய இறுக்கற ஸ்க்ரூவ லூஸ் பண்ணாம அப்படியே பொட்டில வெச்சு மூடிட்டு மாசக்கணக்கா தொடவே இல்ல, திறந்து பாத்தா வில்லோட குச்சி ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. வயலின்ல ஒரு கீறல் விழுந்தா பதறிடுவேன், வில்ல மட்டும் ஏதோ கூட வந்த சாமான் கணக்காத்தான் வெச்சிருந்தேன்.

கையாலயே வில்லு செய்யற ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். மனுஷன் எதுவும் கேக்கல. சூட்டுல பொசுங்கிடும்னு வில்லுல கட்டியிருந்த குதிரை முடிய மொத்தமா கழட்டினார். ஒரு கண்ண மூடி குச்சிய நீளவாக்குல பாத்தார். கோணின இடத்த மட்டும் ஸ்பிரிட் விளக்கு மேல உருட்டி உருட்டி காட்டி, மேஜை விளிம்புல வெச்சு மெதுவா அமுக்கி, ஆறற வரைக்கும் கைய எடுக்காம பிடிச்சிருந்து, திரும்ப ஒரு கண்ண மூடி... ஒரு மணி நேரம் இதேதான்.

அப்புறம்தான் பேச்சு வந்துது. வில்லுக் குச்சிக்கு இருக்க வேண்டிய வளைவ யாரும் செதுக்கி எடுக்கறதில்லயாம், மரத்தோட நார் அறுபட்டா பலம் போயிடும், நேரா சீவின குச்சிய சூடு காட்டித்தான் வளைக்கணும். ரொம்ப பழைய வயலின் வில்லெல்லாம் அம்பு விடற வில்லு மாதிரி வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும், இப்ப நாம பிடிக்கறது நேர் எதிர், முடியப் பாத்து உள்ள வளைஞ்சது. பேரு மட்டும் இன்னும் வில்லு!

இந்த வடிவத்த 18ஆம் நூற்றாண்டு கடைசில ஒரு நிலைக்கு கொண்டு வந்தவர் பாரீஸ்ல இருந்த பிரான்சுவா தூர்த். கடிகார வேலை கத்துக்கிட்டவர், அந்தக் கை சும்மா இருக்குமா, குச்சியோட தடிமன பிடிக்கற இடத்துல 8.6 மில்லிமீட்டர், நுனிக்குப் போகப் போக 5.3ன்னு இழைச்சு வெச்சிருக்கார். மொத்த வில்லே 60 கிராம் சொச்சம்தான். இவ்வளவு செஞ்சும் பெரும்பாலும் தன் முத்திரைய குத்தல.

மரம் பெர்னாம்புகோ. துணிக்கு சாயம் காய்ச்ச பிரேசில்லேந்து கப்பல் கப்பலா போன மரம், அந்த நாட்டுக்கே பேரு அதுனாலதான். வெட்டித் தீத்ததுல 2007லேந்து சைட்டீஸ் பட்டியல்ல இருக்கு, அழியற ஆபத்துல இருக்கற செடி, மிருகங்களோட வியாபாரத்தக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம் அது. என்னோடதும் அதே மரம்தான்னு அவர் சொன்னப்போ வயித்தக் கலக்கிடுச்சு.

புது முடி போட்டு, முடி தந்தியப் பிடிக்க ரோசின்ங்கற பிசினத் தேய்ச்சு, நானே ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்தேன், துள்ளல் திரும்பி வந்திருந்துது. சந்தோஷத்துல அப்படியே பொட்டில வெச்சு மூடப் போனேன். அவர் பாத்த பார்வைல திரும்ப எடுத்து ஸ்க்ரூவ லூஸ் பண்ணேன்.