மாணவர் மின்னஞ்சல் மூடுவதற்குள்

பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிப்பவர்களுக்குக் கடைசி ஆறு வாரம் ஆய்வறிக்கையிலும் பெட்டி கட்டுவதிலும் போய்விடும். இந்த ஒரு வருஷத்தில் என்ன கற்றோம், எங்கே மாறினோம் என்பதையெல்லாம் சென்னைக்குப் போய் நிதானமாக யோசிக்கலாம் என்று தள்ளிவைப்பார்கள். பிசகுவது இங்கேதான். யோசிப்பதற்கு வேண்டிய சான்றில் பெரும்பகுதி பல்கலைக்கழகக் கணக்குகளில் கிடக்கும். படிப்பு முடிந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ அவை மூடப்படும். பிறகு கையில் மிஞ்சுவது 'தன்னம்பிக்கை வந்தது' என்ற ஒற்றை வரி. நேர்முகத்தில் அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

ஆகவே முதல் வேலை, இறக்கி வைத்துக்கொள்வது. அனுப்பிய மின்னஞ்சல்கள், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் எழுதிய கருத்து, வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் போதும். நம்மை எடுத்த போட்டோக்கள் இதற்கு உதவாது, எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டுதான் இருப்போம்.

மின்னஞ்சலில் முதல் மாதம் ஆசிரியருக்குப் போனதையும் கடைசி மாதம் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் முதல் கடிதம் பெரும்பாலும் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, தொந்தரவுக்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, கேள்வியைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கும். கடைசிக் கடிதத்தில் பெயர் சொல்லி அழைத்து, சிக்கல் இது, நான் நினைக்கும் வழி இது, சரியா என்று மூன்றே வரி. இந்த வித்தியாசத்தை அப்படியே எழுதினால் 'தகவல் தொடர்புத் திறன்' என்று தனியாகப் போட வேண்டியதில்லை.

கட்டுரைக் கருத்துகளில் தேட வேண்டியது ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்பதை. 'விவரிக்கிறீர்கள், விமர்சிக்கவில்லை' என்பது இந்திய மாணவர்கள் அடிக்கடி வாங்கும் குட்டு. எந்தக் கட்டுரையோடு அது நின்றது, அப்போது எதை மாற்றினீர்கள் என்று குறியுங்கள். கடைசிவரை நிற்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், பட்டியலிலேயே நம்பத்தகுந்த வரி அதுவாகத்தான் இருக்கும். வங்கி விவரத்தில் வெளிச் சாப்பாட்டுச் செலவு எந்த மாதம் பாதியானது என்று பாருங்கள். சமைக்கக் கற்றதைவிட ஒரு வாரத்துக்குத் திட்டமிடக் கற்றதுதான் அங்கே பெரிய விஷயம்.

கிளம்பும்போது முடிக்கும் வேலைகளும் இதே கணக்கில் சேரும். இங்கிலாந்தில் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு முன்பணம் 5 வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, அது அரசு ஏற்ற முன்பணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் இருக்க வேண்டும். சுத்தம் செய்த செலவு என்று வீட்டுக்காரர் பிடித்தால் குடியேறிய நாளில் எடுத்த படங்களையும் பொருள் பட்டியலையும் வைத்து அந்தத் திட்டத்திடமே கட்டணமில்லாமல் முறையிடலாம். அப்படி எழுதி வாதாடி வாங்கிய பணம், தொகை சின்னதானாலும், நல்ல உதாரணம். பகுதி நேர வேலையில் வரி பிடித்திருந்தால், நாட்டை விட்டுப் போவதை வரித்துறைக்குச் சொல்லி, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கும் பி85 படிவம் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுத, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு வரி போதும்: முன்பு எப்படி, என்ன நடந்தது, இப்போது எப்படி, எதை வைத்துச் சொல்கிறேன். நான்காவது வரி எழுத வரவில்லையா? அந்த மாற்றத்தையே அடித்துவிடுங்கள். ஐந்து தேறினால் தாராளம்.

சென்னைக்கு வந்ததும் முதல் இடி மதிப்பெண்ணில் விழும். '68 தானா?' என்பார்கள். அங்கே முதுகலையில் பொதுவாக 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன் என்பதை ஓ.எம்.ஆர். கம்பெனி எச்.ஆருக்கும் சொல்ல வேண்டியிருக்கும், மாம்பலம் பெரியப்பாவுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். ரெஸ்யூமேயிலேயே அந்த அளவுகோலை ஒரு வரியில் போட்டுவிடுவது நல்லது. ஒரு வருஷப் படிப்பு இங்கே செல்லுமா என்றால், 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தம் அதையும் ஏற்கிறது.

அடுத்த சிக்கல் வீடு. தட்டை அம்மா எடுத்துப்போவார், பில்லை அப்பா கட்டுவார், மூன்றே மாதத்தில் பழைய ஆளாகிவிடலாம். இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் ஈ.பி. பில், கேஸ் புக்கிங், கல்விக் கடன் மூன்றையும் வந்த வாரமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடனில் கவனம் தேவை: பல வங்கிகளில் படிப்புக் காலத்தோடு ஓராண்டு தவணை விடுப்பு உண்டு, ஆனால் வட்டி அந்த நாட்களிலும் ஓடிக்கொண்டிருக்கும். 'அங்கெல்லாம்' என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் கொஞ்ச காலம் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாதம் அந்தத் தாளை எடுத்து, இன்னும் செய்கிறவற்றுக்கு மட்டும் டிக் போடுங்கள். வாரத் திட்டம்தான் அநேகமாக முதலில் விழுந்திருக்கும்.