தனியாக அறுப்பவளின் பாட்டு: வாசிப்பு நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘தி சாலிடரி ரீப்பர்’. வயலில் தனியாகக் கதிர் அறுத்தபடி பாடும் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பெண்ணைப் பற்றிய கவிதை. 32 வரி, எட்டெட்டாக நான்கு பத்தி. கோனார் உரை மாதிரி எதையும் தொடாமல் முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வரிக்கு நான்கு அழுத்தம் விழும். ஒவ்வொரு பத்தியிலும் நான்காம் வரியில் மட்டும் மூன்று. முதல் பத்தியில் அந்தக் குட்டை வரி எது தெரியுமா? ‘இங்கே நில், இல்லாவிட்டால் மெல்லக் கடந்து போ.’ நிற்கச் சொல்லும் இடத்திலேயே குரலும் நின்றுவிடுகிறது. மனப்பாடமாக ஒப்பித்தால் இது காதில் விழாது.

அவள் தனியாள் என்பது முதல் ஐந்து வரிக்குள் நான்கு முறை வருகிறது. அறுப்பு வழக்கமாகக் கூட்டமாகச் செய்யும் வேலை. ஒருவர் அறுக்க, பின்னால் வருபவர் கட்டுவார். இங்கே அறுப்பதும் அவளே, கட்டுவதும் அவளே.

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டாம் பத்தியில் இரண்டு பறவைகள். அரபுப் பாலைவனத்தில் களைத்த பயணிகளுக்கு நைட்டிங்கேல். ஸ்காட்லாந்தின் வடமேற்கே ஹெப்ரிடீஸ் தீவுக் கடலில் வசந்தக் குயில். ஒன்று சுடுமணல், மற்றது குளிர்கடல். இரண்டிலும் குரல் ஆறுதலாகிறது, சொல்லே இல்லாமல்.

மூன்றாம் பத்தியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘அவள் பழைய போர்களைப் பாடினாள்’ என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். கவிஞர் அப்படிச் சொல்லவே இல்லை. ‘என்ன பாடுகிறாள், யாரும் சொல்ல மாட்டீர்களா?’ என்று கேட்டுவிட்டு ஊகிக்கிறார்: பழைய துயரமா, இன்றைய சாதாரணக் கவலையா? பத்தி கேள்விக்குறியோடு முடிகிறது. அவள் பாடுவது ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் (Gaelic) மொழி, அவருக்குப் புரியாது. அந்தப் புரியாமையை விடை போட்டு மூடினால் கவிதையே போய்விடும்.

நவம்பர் 5, புதன்

எழுதிய நாள் 1805 நவம்பர் 5. தங்கை டோரதியோடு ஸ்காட்லாந்து போனது 1803இல். ஆனால் கவிதைக்கான பொறி, நண்பர் தாமஸ் வில்கின்சனின் பயணக் கையெழுத்துப்படியில் இருந்த ஒரு வாக்கியம். கடைசி வரி அதிலிருந்து அப்படியே எடுத்தது என்று 1807 பதிப்பின் குறிப்பில் அவரே சொல்கிறார். ஆகவே இதை நேரில் கண்ட செய்தியாக வாசிக்கக் கூடாது.

இது தெரிந்தால் நான்காம் பத்தியின் காலமாற்றம் துலங்கும். அதுவரை ‘அறுக்கிறாள்’, ‘பாடுகிறாள்’. இங்கே ‘பாடினாள்’, ‘கேட்டேன்’. எதிரே நின்றவள் சட்டென்று நினைவாகிவிடுகிறாள். இதே பத்தியில் ‘எண்டிங்’ (ending), ‘பெண்டிங்’ (bending) என்று இயைபு ஓர் அசை நீள்கிறது. முடிவே இல்லாத பாட்டு என்று சொல்லும் வரி தானும் இழுபடுகிறது.

1807இல் ‘மனம் நிறையும்வரை கேட்டேன்’ என்று இருந்த வரியை 1820இல் ‘அசையாமல் நின்று கேட்டேன்’ என்று திருத்தினார். சரியான திருத்தம். மனம் நிறைந்துவிட்டவர், கவிதையின் முடிவில் வருவதுபோல், அந்த இசையை மலையேறும்போதும் சுமந்து போக வேண்டியதில்லையே.